பல்கலாசாரக் கல்வியா, இடைக்கலாசாரக் கல்வியா? மலையகப் பாடசாலைகளை முன்வைத்து ஒரு விளக்கம்

கல்விச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அறிக்கைகளில் இரண்டு சொற்கள் அடிபடுகின்றன. ஒன்று பல்கலாசாரக் கல்வி, மற்றது இடைக்கலாசாரக் கல்வி. செய்திகளில் இரண்டும் ஒரே பொருளில் கலந்து வருகின்றன. பெற்றோரும் ஆசிரியர்களும் "எல்லாம் ஒற்றுமையாக இருக்கச் சொல்கிறார்கள்" என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஆனால் எந்தச் சொல்லைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வகுப்பறையில் நடப்பது மாறும். எந்தப் பிள்ளை எந்த மொழியைப் படிக்க வேண்டும், யார் யாருடைய பாடசாலைக்கு நடந்து போக வேண்டும், தேயிலைப் பாடத்தில் யாருடைய கதை வரும் என்பதெல்லாம் அதில்தான் தீர்மானமாகிறது. இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் இது நாள்தோறும் எழும் கேள்வி.

முதலில் சொற்கள்

பல இனங்கள், மதங்கள், மொழிகள் சேர்ந்து வாழும் நாட்டில் பாடசாலையை நடத்த உலகெங்கும் மூன்று வழிகள் கையாளப்பட்டிருக்கின்றன.

1. தன்மயமாக்கல். பெரும்பான்மையினரின் மொழியும் வழக்கமுமே பாடசாலையின் மொழியும் வழக்கமும். மற்றப் பிள்ளை தன்னை மாற்றிக்கொண்டு உள்ளே வர வேண்டும். இது சட்டம் போட்டுத்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டத் தோட்டங்களில் தமிழ்மொழிமூல (தமிழில் கற்பிக்கும்) மேல்வகுப்பு எட்டாத தூரத்தில் இருந்ததால் பல பிள்ளைகள் சிங்களமொழிமூலப் பாடசாலைக்குப் போனார்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் வீட்டில் பேசும் மொழியாக மட்டும் நின்றுவிட்டது, எழுத்து தெரியாது. அவர்களை மாற்றியது தூரம்.

2. பல்கலாசாரக் கல்வி. ஒவ்வொரு சமூகத்துக்கும் தன் மொழி, மதம், வரலாறு ஆகியவற்றைக் காத்துக்கொள்ள உரிமை உண்டு, அரசு அதை மதிக்க வேண்டும் என்பது இதன் அடித்தளம். 1971இல் கனடா இதை அரச கொள்கையாக அறிவித்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் பேங்க்ஸ் இதைக் கல்விக்கென்று விரித்து எழுதினார். பாட உள்ளடக்கம், அறிவு எப்படி உருவாகிறது என்ற விசாரணை, தப்பெண்ணம் குறைத்தல், எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் கற்பித்தல், பாடசாலையின் நடைமுறை என்று அவர் ஐந்து பக்கங்களைக் காட்டினார். நடைமுறையில் பெரும்பாலான நாடுகள் முதலாவதோடு நின்றுவிட்டன. புத்தகத்தில் இன்னொரு பண்டிகைப் படம் சேர்ந்தது, அவ்வளவுதான்.

3. இடைக்கலாசாரக் கல்வி. இதில் "இடை" என்ற சொல்தான் உயிர். சமூகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போதாது, அவற்றுக்கு இடையில் கொடுக்கல் வாங்கல் நடக்க வேண்டும். யுனெஸ்கோ 2006இல் வெளியிட்ட வழிகாட்டல் இதற்கு மூன்று கோட்பாடுகளை வைக்கிறது. பிள்ளையின் பண்பாட்டு அடையாளத்தை மதித்து, அதற்கு ஏற்ற தரமான கல்வி தர வேண்டும். சமூகத்தில் முழுமையாகப் பங்கெடுக்கத் தேவையான அறிவும் திறனும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். பிற சமூகத்தினரோடு மதிப்பும் புரிதலும் தோழமையும் கொண்டு வாழ எல்லாப் பிள்ளைகளையும் பழக்க வேண்டும்.

மூன்றாவது கோட்பாட்டில் வரும் "எல்லாப் பிள்ளைகளையும்" என்பதைக் கோடிட்டுப் படிக்க வேண்டும். பொலிவியாவில் 1994ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் இடைக்கலாசார இருமொழிக் கல்வியைக் கொண்டுவந்தது. கெச்சுவா, அய்மாரா பேசும் பழங்குடிப் பிள்ளைகள் தாய்மொழியோடு ஸ்பானிஷ் படித்தார்கள். நகரத்து ஸ்பானிஷ் பிள்ளைகள் கெச்சுவா படிப்பது நடைமுறைக்கு வரவேயில்லை. கற்றுக்கொள்ளும் பாரம் முழுவதும் ஏற்கெனவே பின்தள்ளப்பட்டவர் தலையில் விழுந்தது. இதை வாசிக்கும்போது மலையகத்து ஆசிரியர் யாருக்கும் தம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது.

மேட்டில் ஒரு பாடசாலை, பள்ளத்தில் ஒரு பாடசாலை

ஹட்டன், தலவாக்கலை, ஹப்புத்தளை, பசறை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே காட்சி. மேலே தேயிலைக்கு நடுவில் தமிழ்மொழிமூலப் பாடசாலை. கீழே வயலும் மரக்கறித் தோட்டமும் உள்ள கிராமத்தில் சிங்களமொழிமூலப் பாடசாலை. நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. இரண்டிலும் காலை 7.30க்கு மணி அடிக்கிறது, பிற்பகல் 1.30க்கு விடுகிறது. இரு பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில்கூடப் போவதுண்டு. பதினொரு வருடங்களில் ஒரு பாடவேளைகூட அவர்கள் ஒரே வாங்கில் உட்காருவதில்லை.

இந்தப் பிரிவு எப்படி வந்தது என்பது தெரியாமல் தீர்வு பேச முடியாது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. உழைப்புக்கு ஆள் தேடிய நிர்வாகத்திடம் படிப்பையும் ஒப்படைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அந்த வளையத்துக்கு வெளியே நின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவரானார்கள். வாக்கு இல்லாதவரின் பாடசாலைக்குக் கூரை போட எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் இருக்கவில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின்பு, 1970களின் பிற்பகுதியில்தான் தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. நாட்டின் மற்றப் பகுதிகளைவிட ஒரு தலைமுறைக்கு மேல் பிந்திய தொடக்கம் அது. பின்னர் சுவீடன், ஜெர்மனி உதவியோடு கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஸ்ரீ பாத தேசியக் கல்வியியற் கல்லூரி வந்தது, மலையகத்திலிருந்தே பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் வெளிவரத் தொடங்கினார்கள்.

அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளான சிங்களம், தமிழ் இரண்டில் ஒன்றில் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. இது போராடிக் காத்த உரிமை. இதைக் கைவிட்டு எல்லோரையும் ஒரே மொழிமூலத்தில் போட்டால் ஒற்றுமை வரும் என்று சிலர் சொல்வது தவறு. கனடாவில் ஜிம் கம்மின்ஸ் செய்த ஆய்வுகள் ஒன்றைத் தெளிவாக்கின. புதிய மொழியில் விளையாட்டுத் திடல் பேச்சு ஏறத்தாழ 2 வருடத்தில் வந்துவிடும். ஆனால் கணக்கும் விஞ்ஞானமும் படிக்கத் தேவையான பாடமொழி கைகூட 5 முதல் 7 வருடம் பிடிக்கும். தாய்மொழியில் வேர் பிடித்த பிள்ளைதான் இரண்டாம் மொழியிலும் நன்றாக வளர்கிறது. எனவே தமிழ்மொழிமூலம் இருக்க வேண்டும். இரண்டு பாடசாலைகளுக்கு இடையில் பாதை இல்லாததுதான் குறை.

2001இல் தொடங்கிய இருமொழிக் கல்வித் திட்டம், 6ஆம் தரத்திலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் கற்பித்து அந்தப் பாதையை ஓரளவு திறந்தது. இரு மொழிமூலமும் ஒரே கூரையின் கீழ் உள்ள நகரப் பாடசாலைகளில் சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார முடிந்தது. விஞ்ஞானத்தைத் தமிழில் படிப்பிக்கவே ஆள் கிடைக்காத தோட்டப் பாடசாலைக்கு இதனால் பெரிய பயன் வரவில்லை.

மேடையில் மட்டும் நடக்கும் சந்திப்பு

கல்வி அமைச்சு 2008இல் சமூக ஒத்திசைவுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கையை வெளியிட்டது. பாடத்திட்டம், ஆசிரியர் கல்வி, இரண்டாம் தேசிய மொழி, இணைப்பாடவிதானம், பாடசாலைப் பண்பாடு எல்லாவற்றையும் அது தொடுகிறது. எழுத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. கீழே வந்து சேரும்போது அது பெரும்பாலும் ஒரு விழாவாகச் சுருங்கிவிடுகிறது. சிங்களப் பிள்ளைகள் கண்டிய நடனம், தமிழ்ப் பிள்ளைகள் பரதமோ காவடியோ, முஸ்லிம் பிள்ளைகள் ஒரு பாடல். கைதட்டல், சிற்றுண்டிப் பொதி, படம், பஸ்.

இந்த விழாவில் நல்ல மனம் இருக்கிறது. ஆனால் அதில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், பேசுவதில்லை. ஒவ்வொரு சமூகமும் அலங்கரித்த ஒரே முகத்தைக் காட்டுகிறது. மலையகத்துக்கே உரிய காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் தப்பு என்ற தோல் வாத்தியமும் பல வேளைகளில் "மேடைக்குச் சரிவராது" என்று வீட்டிலேயே விடப்படுகின்றன. அதாவது தன் அடையாளத்தைக் காட்டச் சொன்ன மேடையிலேயே பிள்ளை தன் அடையாளத்தை மறைக்கிறது.

சந்திப்பு பயன் தர நான்கு நிபந்தனைகள்

வெறுமனே சேர்த்து உட்கார வைத்தால் தப்பெண்ணம் குறையுமா? 1954இல் உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் இதற்கு நான்கு நிபந்தனைகள் சொன்னார். அதன் பின் நடந்த ஏராளமான ஆய்வுகளிலும் இவை பெரிதும் நின்றுபிடித்தன. மலையகத்து நிலையில் வைத்துப் பார்ப்போம்.

1. சந்திப்புக்குள் சம அந்தஸ்து. ஒரு பக்கத்தில் ஆய்வுகூடமும் சப்பாத்தும், மறு பக்கத்தில் ஒழுகும் கூரை என்றால் விருந்தினர் யார், வீட்டுக்காரர் யார் என்பதைப் பிள்ளைகள் முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.
2. பொது இலக்கு. "நட்பை வளர்ப்பது" ஒரு செயலின் இலக்காக முடியாது. செய்து முடிக்க ஒரு வேலை வேண்டும்.
3. ஒத்துழைப்பு. பாடசாலைக்குப் பாடசாலை போட்டி வைத்தால் இரண்டு அணிகள் இன்னும் இறுகும்.
4. அதிகாரத்தின் ஆதரவு. இரண்டு அதிபர்களும் வலயக் கல்விப் பணிமனையும் நேரசூசியில் இடம் தர வேண்டும். தவணைப் பரீட்சை நெருங்கியதும் முதலில் வெட்டப்படும் செயற்பாடாக இருந்தால் பிள்ளைகள் அதன் மதிப்பைப் புரிந்துகொள்வார்கள்.

முதலாவது நிபந்தனைதான் மலையகத்தில் எல்லாவற்றுக்கும் முன் வருகிறது. விஞ்ஞான, கணித ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்புவதும், எட்டும் தூரத்தில் தமிழ்மொழிமூல உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தருவதும் "வேறு விடயம், வேறு பிரிவு" என்று கொள்கைக்காரர்கள் தள்ளிவைக்கிறார்கள். அவை இடைக்கலாசாரக் கல்வியின் முதல் பகுதி. சமம் இல்லாத இடத்தில் சந்திப்பு வைத்தால் ஒரு பக்கம் இரக்கத்தோடும் மறு பக்கம் வெட்கத்தோடும் வீடு திரும்பும்.

ஒரே மழை, இரண்டு மானி

பொது இலக்கு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு செயற்றிட்டத்தை முழுமையாகப் பார்ப்போம். 7ஆம், 8ஆம் தரத்துக்குப் பொருந்தும்.

மலையகத்தில் தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் பொதுவான பயம் மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. மேலே பெய்யும் மழை கீழே ஓடையாக வருகிறது. மேலே உள்ள பாடசாலையின் மழைக்கணக்கு கீழே உள்ளவருக்கு வேண்டும், கீழே ஓடை எப்போது பொங்கியது என்ற கணக்கு மேலே உள்ளவருக்கு வேண்டும். ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை. இந்தத் தேவைதான் பேச்சைத் தொடக்கும்.

செய்முறை:

1. 1.5 லீற்றர் பிளாஸ்டிக் போத்தலை, தோள் வளைவு முடிந்து பக்கங்கள் நேராகும் இடத்தில் வெட்டவும். மூடியைக் கழற்றி மேல்பகுதியைத் தலைகீழாகப் புனல்போல் உள்ளே செருகவும்.
2. அடிப்பாகம் நேராக இருக்காது. கூழாங்கல் போட்டு, பக்கங்கள் நேராகும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றவும். அந்த மட்டமே பூச்சியம். மில்லிமீற்றர் அளவுகோலை அங்கிருந்து ஒட்டவும். இந்தப் படியை விட்டுவிட்டால் அளவு முழுவதும் பிழைக்கும்.
3. கட்டடத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி, மரநிழல் இல்லாத இடத்தில், காற்றில் சாயாதபடி நடவும்.
4. இரு பாடசாலைகளிலும் தினமும் காலை 7.30க்கு வாசித்து, மறுபடி பூச்சியத்துக்குக் கொண்டுவரவும். ஒருவர் 7.30க்கும் மற்றவர் இடைவேளைக்கும் வாசித்தால் ஒப்பிட முடியாது. சனி, ஞாயிறு விட்டுப்போனால் திங்கட்கிழமை அளவை "3 நாள் மழை" என்று எழுதவும்.
5. ஓடை மட்டத்தை, பாலத்தில் தீந்தையால் போட்ட குறியைப் பார்த்து, பாலத்தின் மேல் நின்றபடி ஆசிரியர் வாசிக்க வேண்டும். பிள்ளைகளைக் கரையில் இறக்கக் கூடாது.

நான்கு வாரத் தரவு சேர்ந்ததும் முதல் சந்திப்பு. இரு வகுப்பிலும் 24 பேர் என்றால், மூன்று தமிழ், மூன்று சிங்களப் பிள்ளைகளாக எட்டுக் குழுக்கள். தொடர்ந்து இரண்டு பாடவேளை, அதாவது 80 நிமிடம் வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் மழை வரைபு மேல் பாடசாலைப் பிள்ளைகளிடமும் ஓடை வரைபு கீழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடமும் மட்டும் இருக்கும். கேள்வி ஒன்றுதான். மேலே மிக அதிகமாகப் பெய்த நாளில் கீழே ஓடை எப்போது, எவ்வளவு உயர்ந்தது? இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் விடை கிடையாது. இலக்கம் இருவருக்கும் பொது என்பதால் மொழி குறைவாக இருந்தாலும் வேலை நடக்கும். 1971இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில், கறுப்பு, வெள்ளை, மெக்சிக்கப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு மோதல் வெடித்தபோது எலியட் ஆரன்சன் வகுத்த முறையின் அடிப்படை இதுதான். ஒவ்வொரு பிள்ளையிடமும் புதிரின் ஒரு துண்டு மட்டுமே இருக்கும்.

கடைசி வேலை இருமொழி அறிவித்தல் பலகை. தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை பெய்தால் கவனமாக இருக்கவும், 100 மி.மீ. என்றால் வெளியேறத் தயாராகவும், 150 மி.மீ. என்றால் உடன் வெளியேறவும் சொல்கிறது. போத்தல் மானி படிப்புக்குத்தான், உத்தியோகபூர்வ எச்சரிக்கையே செல்லும் என்பதையும் பலகையில் எழுத வேண்டும். சிங்களத்தில் "நாய யேம" என்றால் மண்சரிவு, "இவத் வென்ன" என்றால் விலகிப் போங்கள். ஒரு லயத்தில் இந்த இரண்டு சொல்லும் தெரிந்திருந்தால், இரவில் ஒலிபெருக்கி ஒரே மொழியில் கத்தினாலும் ஆள் தப்பும். கீழ்க் கிராமத்துப் பிள்ளைக்கு "மண்சரிவு", "வெளியேறுங்கள்" தெரிந்திருந்தால் அதே பயன். பலகையைப் பாடசாலைச் சுவரில் மட்டும் மாட்டாமல் கோவில், பன்சல (பௌத்த விகாரை), கடை, பெரட்டுக்களம் (தொழிலாளர் வேலைக்குக் கூடும் இடம்) எங்கும் வைக்க வேண்டும்.

இரண்டு தவணைக்குள் ஆறு சந்திப்பாவது வேண்டும். ஒரே ஒரு சந்திப்பு தப்பெண்ணத்தை உறுதிப்படுத்திவிட்டும் போகலாம்.

எங்கே பிழைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

- எப்போதும் மேல் பாடசாலை கீழே இறங்குவது. "அங்கே வசதி இல்லை" என்பார்கள். இடம் மாறி மாறி வர வேண்டும். ஏறிப் போகும் அந்தப் பாதையே கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு பாடம்.
- சிங்களம் தெரிந்த தமிழ்ப் பிள்ளை மொழிபெயர்ப்பாளராகிவிடுவது. அந்தப் பிள்ளைக்குப் படிக்க நேரமே இருக்காது. மற்றவர்கள் பேச முயலமாட்டார்கள். சந்திப்புக்குச் சந்திப்பு முதல் மொழியை மாற்ற வேண்டும். தமிழ் நாளில் சிங்களப் பிள்ளைகள் தடுமாறட்டும், மறுநாள் தமிழ்ப் பிள்ளைகள் தடுமாறட்டும். தடுமாற்றம் சமமாகப் பங்கிடப்படுவது சம அந்தஸ்தின் பகுதி.
- கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி அனுப்புவது. முழு வகுப்பும் போக வேண்டும்.
- அதிகாரி வருகைக்காக நடுவில் வரவேற்பு நடனம் நுழைவது. 80 நிமிடத்தில் 40 போய்விடும்.

மொழி இரு வழிப் பாதை

இரண்டாம் தேசிய மொழி பாடத்திட்டத்தில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளை சிங்களம் படிக்கிறது, ஏனெனில் கச்சேரி (மாவட்டச் செயலகம்), ஆஸ்பத்திரி, பொலிஸ் எங்கும் தேவை. சிங்களப் பிள்ளைக்குத் தமிழ் படிக்க அந்த நெருக்குதல் இல்லை. எனவே கற்பித்தலிலாவது அந்த ஆர்வத்தை உண்டாக்க வேண்டும். முதல் மாதமே எழுத்து, எழுத்து என்று இறங்கினால் இரு பக்கமும் சலித்துவிடும். பேச்சில் தொடங்க வேண்டும்.

உறவுமுறைப் பாடம் இதற்கு மிகப் பொருத்தம். அம்மா, அக்கா, மாமா மூன்றும் இரு மொழியிலும் ஒன்றே. தங்கை அங்கே "நங்கி". மச்சான் அங்கே "மஸ்ஸினா". தமிழில் தாத்தா என்றால் அப்பாவின் அல்லது அம்மாவின் அப்பா, சிங்களத்தில் "தாத்தா" என்றால் அப்பாவே. முதல் நாள் இதில் ஒரு குழப்பம் வரும், வகுப்பே சிரிக்கும், அந்தச் சொல் பிறகு மறக்காது. இன்னும் ஆழமாகவும் போகலாம். ஆங்கிலத்தில் மூத்த சகோதரிக்கும் இளைய சகோதரிக்கும் ஒரே சொல். தமிழும் சிங்களமும் மூத்தவரையும் இளையவரையும் பிரிக்கின்றன, தாயின் சகோதரனைத் தந்தையின் சகோதரனிலிருந்து பிரிக்கின்றன. குடும்பத்தைப் பார்க்கும் கண் இரண்டு வீட்டிலும் ஒன்று. இதை ஆசிரியர் சொல்லக் கூடாது. இரண்டு குடும்ப மரத்தை வரைய வைத்தால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

சொல் அடுக்கும் ஒன்றுதான். "மம இஸ்கோலெட்ட யனவா" என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் வைத்தால் "நான் பாடசாலைக்குப் போகிறேன்". பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவர் யாராக இருந்தாலும் "யனவா" மாறாது. எனவே தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்கள வினை இலகு, சிங்களப் பிள்ளைக்குப் போகிறேன், போகிறாய், போகிறார் கடினம். எழுத்தில் தடை வேறு மாதிரி. தமிழில் க ஒன்றே. அது கடலில் ஒரு ஒலி, தங்கத்தில் இன்னொரு ஒலி. சிங்களத்தில் இரண்டுக்கும் தனி எழுத்து. தமிழ்ப் பிள்ளை சிங்களம் எழுதும்போது செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இங்கிருந்து வருகிறது. இதை அறிந்த ஆசிரியர் சிவப்புக் கோடு போடுவதற்குப் பதிலாக இரண்டு ஒலியையும் காதால் பிரிக்கப் பயிற்சி தருவார்.

தேயிலைப் பாடம் மூன்று விதமாக

வரலாற்று வகுப்பில் தேயிலை வருகிறது. வழக்கமான பாடம் இப்படி: 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார், கோப்பி 1869இல் தொடங்கிய இலைநோயில் அழிந்தது, தேயிலை ஏற்றுமதிப் பயிரானது. கொழுந்து பறித்த கை இதில் இல்லை.

பல்கலாசாரப் பாடம் அந்தக் கையைச் சேர்க்கும். 1820களில் தொடங்கிய வருகை, மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்த பயணம், வழியில் இறந்தவர்கள், கங்காணி முறை (ஆள் சேர்த்து வேலை வாங்கும் மேற்பார்வையாளர் முறை), லயம், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், பின்பு 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எல்லாம் வரும். நாடற்ற 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பது, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பிறகு பார்ப்பது என்று இரு அரசுகள் முடிவெடுத்த கணக்கு அது. இந்தப் பாடம் மலையகப் பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும். தன் பாட்டன் எப்படி இந்த மண்ணுக்கு வந்தான் என்று தெரியாத பிள்ளை, "இந்தியாவுக்குப் போ" என்று யாராவது சொன்னால் வாயடைத்து நிற்கும்.

இடைக்கலாசாரப் பாடம் இன்னொரு தாளையும் மேசையில் வைக்கும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் (காட்டை வெட்டி எரித்து மாறி மாறிப் பயிரிடும் நிலம்) அரசுக்குரியதாகக் கொண்டது. ஏக்கர் 5 ஷிலிங் போன்ற விலைக்கு அவை தோட்டக்காரர் கைக்குப் போயின. கண்டிய விவசாயியின் சேனையும் மேய்ச்சல் நிலமும் சுருங்கின. அவர் மேலே பார்த்தபோது கண்ணில் பட்டது இலண்டன் முதலாளி அல்ல, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பெண். தோட்டத்துத் தமிழருக்கும் கிராமத்துச் சிங்களவருக்கும் இடையிலுள்ள கசப்பின் ஒரு வேர் இங்கே இருக்கிறது. நிலம் இழந்தவரும், நிலமே இல்லாமல் அழைத்து வரப்பட்டவரும் ஒரே பொருளாதாரத்தின் இரு பக்கங்கள். கரும்பலகையில் மூன்று கேள்வி போதும். இந்த நிலம் முன்பு யாரிடம் இருந்தது? இங்கே உழைக்க யார், எதற்காக வந்தார்கள்? இலாபம் எங்கே போனது? தமிழ்ப் பிள்ளைகள் முதல் கேள்விக்கும், சிங்களப் பிள்ளைகள் இரண்டாவதுக்கும் விடை தேடட்டும். மற்றவரின் இழப்பை ஆராய்ந்து எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு வரும்போது, தன் இழப்பை மட்டும் சொல்லும் பழக்கம் தளரும்.

இது எளிதான பாடம் அல்ல. வீட்டிலிருந்து பெற்றோர் கேள்வி கேட்பார்கள். எனவே இரு ஆசிரியர்களும் முன்கூட்டியே சேர்ந்து திட்டமிட வேண்டும், 9ஆம் தரத்துக்குக் கீழே இதைத் தொடாமல் இருப்பது நல்லது. மழைமானி போன்ற வேலையில் ஏற்கெனவே பழகிய பிள்ளைகளிடம்தான் இது எடுபடும்.

தமிழ் வகுப்புக்குள்ளும் வேறுபாடு உண்டு

தமிழ்மொழிமூல வகுப்பு ஒரே அச்சு அல்ல. அதில் தோட்டத்துப் பிள்ளை, நகரக் கடைக்காரரின் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தரின் பிள்ளை எல்லோரும் இருக்கிறார்கள். பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுதல்), பெரட்டு (வேலைக்கு ஆள் கூட்டுதல்), அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) என்று தோட்டத்துப் பிள்ளை பேசினால் "அது தமிழா?" என்று ஏளனம் செய்யும் ஆசிரியர் இன்றும் உண்டு. அந்த ஒரு கேள்வி பிள்ளையின் வாயை வருடக்கணக்கில் பூட்டிவிடும். தோட்டச் சொல்லைக் கணக்கில் கொண்டுவரலாம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்றால், அம்மா இன்று பறித்த கொழுந்தில் எத்தனை கிலோ தூள் வரும்? விகிதம் இப்படித் தொடங்கினால் ஏறும்.

சாதியைப் பற்றி வகுப்பறை பேசுவதேயில்லை. தண்ணீர்ப் பானை, பக்கத்து இருக்கை, கோவில் திருவிழாவில் தப்படிப்பது யார் என்பது போன்றவற்றில் அது அமைதியாக வாழ்கிறது. பக்கத்து ஊர்ச் சிங்களப் பிள்ளையோடு சமமாக உட்காரக் கற்றுக்கொடுக்கும் பாடசாலை, பக்கத்து லயத்துப் பிள்ளையோடு சமமாக உட்காருவதை முதலில் கவனிக்க வேண்டும். தப்பு வாத்தியம் மேடைக்கு வர வேண்டும், அதை எல்லாப் பிள்ளையும் பழக வேண்டும்.

மதப் பாடம் கட்டாயம், எனவே சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று பிள்ளைகள் பிரிந்து போகிறார்கள். அதில் தவறில்லை. தவணைக்கு ஒரு முறை சிவனொளிபாதமலை போன்ற ஒரு பொது விடயத்தை எடுக்கலாம். டிசம்பர் மாதப் பௌர்ணமி முதல் வெசாக் வரை நல்லதண்ணியிலிருந்து ஏறும் கூட்டத்தை மஸ்கெலியாப் பிள்ளைகள் வருடாவருடம் பார்க்கிறார்கள். ஒரே அடிச்சுவட்டைப் புத்தர், சிவன், ஆதாம் என்று வெவ்வேறு மரபுகள் வெவ்வேறாகச் சொல்கின்றன. எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கதையைச் சொல்லவும் மற்றதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லவும் பழகுவதே அங்கே பயிற்சி. மற்றவர் சொன்னதை அவரே "ஆம், சரியாகச் சொன்னாய்" என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் மதிப்பீடு.

பெற்றோர் எதைக் கேட்கலாம்

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் வேலை நாளில் காலை 10 மணிக்கு வைக்கப்பட்டால் கொழுந்தெடுக்கும் தாய் வர முடியாது, வந்தால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போகும். கூட்டத்தை மாலைக்கோ ஞாயிறுக்கோ மாற்றக் கேட்கலாம். "ஒற்றுமை விழா" என்று அறிவித்தல் வந்தால் நேரடியாக இவற்றைக் கேளுங்கள்: எத்தனை முறை சந்திக்கப் போகிறார்கள்? முழு வகுப்பும் போகிறதா? அவர்கள் நம் பாடசாலைக்கு வரும் நாள் எது? சேர்ந்து என்ன செய்து முடிக்கப் போகிறார்கள்? கீழ்ப் பாடசாலையில் தமிழ் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், வெற்றிடத்தை நிரப்பக் கோரும் கடிதத்தை இரு பாடசாலைகளின் அபிவிருத்திச் சங்கங்களும் சேர்ந்து, இரு மொழியிலும் எழுதி, வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்பலாம். அந்தக் கடிதத்தை எழுத இரு பாடசாலைப் பெற்றோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கும்.